பிள்ளைக்குப் பைபோலர் என்று சொல்லிவிட்டார்களா? புதிதாகக் கிளினிக் கொப்பி எடுக்கும் வன்னிக் குடும்பங்களுக்கு

என் மருமகனுக்கு, அதாவது அக்காவின் மகனுக்கு, 14 வயதில் இந்த வருத்தம் வந்தது. செட்டிகுளம் முகாமில் பிறந்த பிள்ளை. ஒன்பது நாளாக இரவில் இரண்டு மூன்று மணித்தியாலம்தான் நித்திரை. ஆனால் முகத்தில் களைப்பே இல்லை. பேச்சு, வாய்க்கால் கதவு திறந்துவிட்ட மாதிரி. அத்தானின் வாட்டர் பம்மைக் கூட்டாளி ஒருவனுக்குச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டு, இரணைமடுத் தண்ணி முழுக்கத் தன் சொல்லுக்குத்தான் ஓடும் என்று சொல்லித் திரிந்தான். ஊரில் ஒருவர் பேய் என்றார். இன்னொருவர் கஞ்சா என்றார். மூன்றாமவர், சண்டைக்குள்ளே தாய் பட்ட பாடு பிள்ளையில் விழுந்திட்டுது என்றார். கிளினிக்கில் பைபோலர் என்றார்கள். தமிழில் இருமுனைக் கோளாறு என்று எழுதுவார்கள். கிளினிக் வாசலில் பைபோலர் என்றால்தான் எல்லோருக்கும் விளங்கும்.

அவனை மோட்டார் சைக்கிளில் ஏற்றி இறக்கினது நான். நான் டொக்டர் இல்லை. எந்தக் குளிசை எத்தனை மில்லிகிராம் என்பது இந்தக் கட்டுரையில் எங்கும் இருக்காது. அது பிள்ளையின் நிறையையும் வயதையும் இரத்த முடிவையும் பார்த்து வைத்தியர் எழுதுவது. ஒரு கிளினிக் திகதிக்கும் அடுத்த திகதிக்கும் நடுவில் கிடக்கிற நாலு கிழமையில் வீட்டில் என்ன செய்வது என்பதுதான் எனக்குத் தெரிந்த பாடம். அதில் நாங்கள் விட்ட பிழைகளும் இருக்கின்றன.

முதலில், பெயர் சரிதானா என்று பாருங்கள்

பைபோலருக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் மேனியா. குறைந்தது ஒரு கிழமைக்குப் பிள்ளை முந்திய பிள்ளையாக இருக்காது: நித்திரை தேவைப்படாது, பேச்சும் யோசனையும் ஓடும், தன்னைப் பற்றிப் பெரிய எண்ணம் வரும், காசை வீசும், பயமில்லாமல் ஆபத்துக்குள் இறங்கும். மற்றப் பக்கம் மனச்சோர்வு. இரண்டு கிழமைக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், சாப்பாடும் படிப்பும் நித்திரையும் குழம்பிக் கிடக்கும். பதின்ம வயதுப் பிள்ளையில் அது கவலையாகத் தெரியாமல் எரிச்சலாகத் தெரியலாம்.

கவனிக்க வேண்டியது, இவை கட்டம் கட்டமாக வந்து போகும். வருடம் முழுக்க ஒரே மாதிரிக் கோபமாக இருக்கிற பிள்ளைக்கு இந்தப் பெயர் பொருந்தாது. அமெரிக்காவில் ஒரு காலத்தில் எரிச்சல் மட்டும் உள்ள பிள்ளைகளுக்கும் பைபோலர் என்று எழுதித் தள்ளினார்கள். அதனால்தான் 2013இல் வந்த அவர்களின் மனநோய்க் கையேட்டில் இடைவிடாத எரிச்சலுக்கென்று தனியாக ஒரு பெயரைச் சேர்த்தார்கள். பத்து வயதுக்குக் கீழே யாராவது அவசரமாக இந்தப் பெயரை வைத்தால் இரண்டாவது அபிப்பிராயம் கேட்பதில் வெட்கமில்லை.

வைத்தியரிடம் போகும்போது ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு போங்கள்: நித்திரை எந்த நாளில் குறையத் தொடங்கியது, வலிப்பு வந்ததுண்டா, தைரொயிட் பிரச்சினை உண்டா, முட்டுக்கு ஸ்டீரொயிட் குளிசை குடித்ததா, கஞ்சா, ஐஸ் போதைப் பழக்கம் உண்டா, கெட்ட கனவும் திடுக்கிடலும் இருக்கிறதா. இவை எல்லாமே மேனியா மாதிரி வேடம் போடக்கூடியவை, அல்லது அதோடு சேர்ந்து வரக்கூடியவை. குடும்பத்தில் விசர் என்று ஒதுக்கி வைத்த பெரியப்பா, சின்னம்மா யாரும் இருந்தால் அவர்களையும் எழுதுங்கள். எங்கள் வீட்டில் அம்மாவின் தமையன் ஒருவரை மூன்று தரம் மறைத்தோம், நாலாந்தரம்தான் சொன்னோம். குடும்பத்தில் ஒருவருக்கு லிதியம் நல்லாக வேலை செய்திருந்தால் பிள்ளைக்கும் அது பிடிக்க வாய்ப்புக் கூட என்று அப்போதுதான் தெரியவந்தது.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நாலு மாவட்டப் பொது வைத்தியசாலைகளிலும் மனநலக் கிளினிக் இருக்கிறது. மருந்தும் பார்ப்பதும் இலவசம். உங்களுக்குக் கிட்டிய சின்ன ஆஸ்பத்திரியில் கடிதம் வாங்கி, கிளினிக் நாள் எது என்று கேட்டுக்கொண்டு போனால் ஒரு நாள் அலைச்சல் மிச்சம். துணுக்காயிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ பஸ் பிடித்துப் போய், இன்றைக்குக் கிளினிக் இல்லை என்று கேட்டுத் திரும்பியவர்களுக்கு இதன் அருமை தெரியும். பிள்ளை சின்னது, அல்லது நோய் சிக்கல் என்றால் யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ அனுப்புவார்கள். பிள்ளை அடங்காமல் ஓடித்திரிந்தால், தன்னையோ மற்றவரையோ காயப்படுத்தும் நிலை என்றால், கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது; 1990க்கு அடித்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

முதல் குளிசைக்கு முன்

நிறை, உயரம், இரத்த அழுத்தம், வெறுவயிற்றுச் சீனி, கொழுப்பு, ஈரல், சிறுநீரகம், தைரொயிட். மருந்தைப் பொறுத்து இதில் சிலதோ எல்லாமோ எடுப்பார்கள். அவசரமாக வாட்டில் தொடங்கினால் பிறகு எடுப்பார்கள். எடுக்கவில்லை என்றால், டொக்டர், முதல் இரத்தம் எடுக்கத் தேவையில்லையா என்று மரியாதையாக ஒரு சொல் கேளுங்கள். ஆறு மாதம் கழித்துச் சீனி கூடினால், அது முந்தியே இருந்ததா மருந்தால் வந்ததா என்று சொல்ல இந்த முதல் முடிவுதான் வேண்டும். எல்லா முடிவையும் கொப்பிக்குள் ஒட்டி வையுங்கள். வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே உங்களுக்காகப் பேசப்போவது அந்தக் கொப்பிதான்.

எந்த மருந்து, ஏன் அந்த மருந்து

மேனியா ஏறி நிற்கிற பிள்ளைக்கு முதலில் எழுதப்படுவது பெரும்பாலும் ரிஸ்பெரிடோன், ஒலன்சபின், குவெட்டியபின், அரிபிப்பிரசோல் என்ற கூட்டத்தில் ஒன்று. துண்டைப் பார்த்து, இது மனப்பிளவுக்குக் கொடுக்கிற மருந்தல்லவா என்று பாமசியில் யாரும் கேட்டால் திகைக்காதீர்கள். இரண்டு வருத்தத்துக்கும் அதே மருந்துதான். அமெரிக்க மருந்து நிர்வாகம் மேனியாவுக்கு ரிஸ்பெரிடோன், குவெட்டியபின், அரிபிப்பிரசோல் மூன்றையும் 10 வயதிலிருந்தும், ஒலன்சபினை 13 வயதிலிருந்தும், லிதியத்தை 7 வயதிலிருந்தும் அனுமதித்திருக்கிறது.

6 முதல் 15 வயதுப் பிள்ளைகளில் மூன்று மருந்துகளை எட்டுக் கிழமை ஒப்பிட்ட ஓர் அமெரிக்க ஆய்வு 2012இல் வெளிவந்தது. ரிஸ்பெரிடோன் குடித்தவர்களில் 68.5 வீதமானோர் தேறினார்கள். லிதியத்தில் 35.6 வீதம். வல்புரோவேற்றில் 24 வீதம். அப்படியென்றால் எல்லோருக்கும் ரிஸ்பெரிடோன்தானே என்று நினைப்பீர்கள். அதே ஆய்வில் ரிஸ்பெரிடோன் குடித்த பிள்ளைகள்தான் கூடுதலாக உடம்பு போட்டார்கள், எட்டே கிழமையில் மூன்று கிலோவுக்கு மேல். அத்தோடு எட்டுக் கிழமை என்பது தீயை அணைக்கிற காலம். வருடக்கணக்காகத் திரும்ப வராமல் பார்ப்பது வேறு வேலை, அதில் லிதியத்துக்கு நீண்ட பேர் உண்டு. 1949இல் அவுஸ்திரேலியாவில் ஜோன் கேட் என்ற வைத்தியர் மேனியாவுக்குக் கொடுத்துப் பார்த்ததிலிருந்து இன்றைக்கும் நிற்கிற மருந்து அது. தற்கொலை எண்ணத்தைக் குறைப்பதிலும் அதற்குப் பெயர் இருக்கிறது.

சோர்வுக் கட்டத்துக்கு லமோற்றிஜின் சில வேளை எழுதுவார்கள். அதை மிக மெல்ல மெல்லத்தான் கூட்டுவார்கள், அவசரப்படுத்தாதீர்கள். தோலில் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் எது வந்தாலும் அடுத்த குளிசை கொடுக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி. காபமசெப்பீனுக்கும் இதே விதி.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளை சோர்ந்து கிடக்கும்போது கிட்டிய தனியார் கிளினிக்கில், பழைய கதை சொல்லாமல், கவலைக்கு ஒரு குளிசை வாங்கிக் கொடுக்கிற வழக்கம் எங்களிடம் இருக்கிறது. மனச்சோர்வுக்கான குளிசையைத் தனியாகக் கொடுத்தால் பைபோலர் பிள்ளை மேனியாவுக்குள் எகிறலாம். எந்த டொக்டரிடம் காய்ச்சலுக்குப் போனாலும் கொப்பியை முதலில் மேசையில் வையுங்கள்.

லிதியமும் எங்கள் வெயிலும்

லிதியம் குடிக்கிற பிள்ளை வன்னியில் வளர்வதென்றால் தண்ணியைப் பற்றி ஒரு படிப்புப் படிக்க வேண்டும். இந்த மருந்துக்குப் பலன் தருகிற அளவும் நஞ்சாகிற அளவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரத்தத்தில் 0.6க்கும் 1.2க்கும் இடையில் வைத்திருக்கப் பார்ப்பார்கள், 1.5 தாண்டினால் ஆபத்துத் தொடங்கிவிடும். உடம்பில் தண்ணியும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லிதியத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், குளிசை கூட்டாமலே அளவு ஏறும்.

இப்போது ஆடி ஆவணியில் சோளகம் அடிக்கும்போது வயலில் நிற்கிற ஒரு பெடியனை நினைத்துப் பாருங்கள். அல்லது பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு மத்தியான வெயிலில் ஓடுகிறவனை. தாகம் வந்து குடிப்பதற்கு விடாமல், போத்தல் தோளில் தொங்க வேண்டும். லிதியத்தால் தாகமும் சிறுநீரும் இயல்பாகவே கூடும். அதனால் வகுப்பாசிரியரிடம், இவன் தண்ணி குடிக்கவும் வெளியே போகவும் கேட்டால் விடுங்கோ என்று ஒரு சொல் சொல்லி வையுங்கள். அடிக்கடி சலம் போகுது என்று தண்ணியைக் குறைத்தார் அக்கா. அது தலைகீழான வைத்தியம்.

உப்பு வழக்கம்போல. பிரஷருக்குக் கூடாது என்று வீட்டில் ஒருவருக்காக எல்லோர் கறியிலும் உப்பைத் திடீரென்று நிறுத்தினால் லிதியம் ஏறும். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் தண்ணியோடு இருக்கிற விரதம் இந்தப் பிள்ளைக்கு ஆகாது. முருகன் குறை நினைக்க மாட்டார். நோன்பு பிடிக்கிற பிள்ளை என்றால் மாதம் தொடங்க முதலே வைத்தியரோடு கதைக்க வேண்டும். கதிர்காமப் பாதயாத்திரை போகப்போகிறேன் என்று மருமகன் ஒரு வருடம் நின்றான். முல்லைத்தீவுக் கடற்கரை வழியே அந்த வெயிலில் நடப்பதை டொக்டர் ஒரே சொல்லில் மறித்துவிட்டார். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய்வரச் சொன்னார், அதுவும் விடிய விடிய முழித்திருக்காமல்.

நோவுக் குளிசையில் கவனம். ஐபுப்புரூபன், டைக்குளோபினாக் லிதியத்தை ஏற்றிவிடும். பனடோல் கொடுக்கலாம். டெங்குக் காலத்தில் சொல்கிற அதே விதிதான், மனதில் வைக்க லேசு. சிறுநீர் பெருக்கும் குளிசைகளும் அப்படித்தான். நீர்முள்ளி, நெருஞ்சி போட்டு அவிக்கிற குடிநீரும் சலத்தைக் கூட்டுகிறது, ஆகவே வைத்தியரிடம் சொல்லாமல் வேண்டாம்.

வாந்தி, வயிற்றோட்டம், கை பெரிதாக நடுங்குவது, நாக்குக் குழறுவது, குடித்தவன் போலத் தள்ளாடுவது, அரைமயக்கம். இவை லிதியம் நஞ்சாகிற அறிகுறி. அடுத்த வேளையை நிறுத்திவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள். எழுதும்போது விரல் லேசாக நடுங்குவது வேறு. அது பலருக்கும் இருக்கும், அடுத்த கிளினிக்கில் சொன்னால் போதும்.

இரத்தம் எடுக்கிற நாள் பற்றி. கடைசிக் குளிசை குடித்து 12 மணித்தியாலத்தில் எடுக்க வேண்டும். இரவு 8 மணிக்குக் கொடுத்தால் காலை 8 மணிக்கு இரத்தம், காலைக் குளிசை இருந்தால் அது இரத்தம் கொடுத்த பிறகு. நாங்கள் முதல் தரம், தூரப் பயணம், மருந்து தவறக்கூடாது என்று விடிய ஐந்தரைக்கே காலைக் குளிசையைக் கொடுத்துக் கூட்டிப்போனோம். அளவு கூடிக் காட்டியது. எல்லோரும் பயந்து, விசாரித்து, கடைசியில் நான் தலையைச் சொறிந்து, மற்றக் கிழமை திரும்பப் போய் எடுத்தோம். தொடங்கும்போதும் ஒவ்வொரு முறை அளவு மாற்றிய பிறகும் ஏறக்குறைய ஒரு கிழமையில் இந்தப் பரிசோதனை வரும். பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை. தைரொயிட்டும் சிறுநீரகமும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. மாதிரி எங்கே போகிறது, முடிவு எத்தனை நாளில் வரும் என்று முதல் நாளே கேட்டு வையுங்கள்.

வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் சில ஊர்களில் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருப்பது எல்லோரும் அறிந்தது. அப்படியான ஊர், அப்படியான குடும்பம் என்றால் அதையும் வைத்தியருக்குச் சொல்ல வேண்டும். பயந்து மருந்தை விடுவதற்காகச் சொல்லவில்லை. சிறுநீரகப் பரிசோதனையை இறுக்கமாகப் பார்ப்பதற்காக.

கழுத்துத் திரும்பினால்

ரிஸ்பெரிடோன் போன்றவை தொடங்கிய முதல் சில நாட்களில் சில பிள்ளைகளுக்கு, விசேஷமாகப் பெடியன்களுக்கு, கழுத்து ஒரு பக்கம் முறுகி, கண் மேலே சொருகி, தாடை இறுகும். பார்த்தால் உரு வந்தது மாதிரியே இருக்கும். எங்கள் வீட்டிலும் வந்தது. அம்மம்மா வேப்பிலையோடு ஓடிவந்தார், பக்கத்து வீட்டார் பூசாரிக்கு ஆள் அனுப்பினார்கள். நல்ல காலம், வாட்டில் மிஸ் ஒருவர் முதலே சொல்லி வைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் ஓர் ஊசி போட்டார்கள், கொஞ்ச நேரத்தில் கழுத்து இறங்கிவிட்டது. பிறகு பென்செக்சோல் என்ற சின்னக் குளிசையைக் கொஞ்ச நாள் சேர்த்துக் கொடுத்தார்கள். கோயிலுக்கு நேர்த்தி வைப்பதென்றால் வையுங்கள், நாங்களும் வைத்தோம். ஆனால் முதலில் ஓட்டோ ஆஸ்பத்திரிக்குத்தான் திரும்ப வேண்டும்.

ஓரிடத்தில் இருக்க முடியாமல் காலை ஆட்டி ஆட்டி நடந்து திரிவதும் இந்த மருந்துகளின் வேலையாக இருக்கலாம். அதை வருத்தம் கூடினதென்று நினைத்து மருந்தைக் கூட்டக் கேட்பார்கள் பெற்றோர். எப்போது தொடங்கியது என்று திகதியோடு சொல்லுங்கள், வைத்தியர் பிரித்து அறிவார். கடும் காய்ச்சலோடு உடம்பு பலகை மாதிரி இறுகி, பிள்ளை தடுமாறிக் கதைத்தால் அது அரிது, ஆனால் உயிராபத்து. உடனே போங்கள்.

மற்றது பசி. ஒலன்சபின் பசி என்றால் சும்மா பசி இல்லை. இரவு பதினொரு மணிக்கு அடுப்படியில் புட்டுப் பானை உருளும். பிள்ளையை ஏசிப் பயனில்லை, அது மருந்து கேட்கிற பசி. சோடாவும் பிஸ்கட்டும் வீட்டுக்குள் வராமல் பார்த்து, அவித்த பயறு, கச்சான், வெள்ளரிக்காய், பப்பாசி எட்டுமிடத்தில் வையுங்கள். பிளேன்ரீக்குச் சீனி பாதி. மாதம் ஒருமுறை ஒரே தராசில் நிறுத்துக் கொப்பியில் எழுதுங்கள். நாலைந்து கிலோ ஏறிவிட்டால் மருந்தை மாற்றலாமா என்று கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது. ரிஸ்பெரிடோனில் பெண்பிள்ளைக்கு மாதவிடாய் நிற்கலாம், பெடியனுக்கு மார்பு வீங்கலாம். வெட்கத்தில் பிள்ளை வாய் திறக்காது. எங்கள் வீட்டில் அதை நான்தான் கேட்டேன், மாமன்மார் எதற்கு இருக்கிறோம்.

பெண்பிள்ளை என்றால்

வல்புரோவேற் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பேறுகாலத்தில் இந்த மருந்து உடம்பில் இருந்தால் பத்துப் பிள்ளைகளில் ஒன்று அங்கக் குறைபாட்டோடு பிறக்கலாம். பத்தில் மூன்று நாலு பிள்ளைகளுக்குப் பேச்சு, படிப்பு, வளர்ச்சி பின்தங்கலாம். இதனால் பெரியபிள்ளையான பெண்களுக்கு வேறு வழி இருக்கும்போது இதைத் தவிர்ப்பதுதான் இன்று உலக வழக்கம். பிரித்தானியாவில் 2018இலிருந்தே இதற்குக் கட்டுப்பாடு. அதோடு, பிள்ளைகளில் வெற்றுக் குளிசையோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில் வல்புரோவேற் மேனியாவுக்குப் பெரிதாக மேலோங்கவும் இல்லை.

எங்கள் பக்கத்தில் பதினெட்டு முடியக் கல்யாணம் பேசுகிற வீடுகள் உண்டு. அதற்கு முதலே பிள்ளை யாரோடும் போய்விடுகிற கதையும் உண்டு. ஆகவே, அவள் சின்னப் பிள்ளைதானே, இதெல்லாம் ஏன் இப்போது என்று கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள். துண்டில் வல்புரோவேற் இருந்தால் தாயே வைத்தியரிடம் நேராகக் கேட்கலாம். ஏற்கெனவே குடிக்கிற பிள்ளை என்றால் இதை வாசித்துவிட்டு இன்றைக்கே நிறுத்தக் கூடாது. அடுத்த கிளினிக்கை முன்னுக்கு எடுத்துப் போங்கள். மற்றவற்றிலும், லிதியம் உட்பட, பிள்ளைத்தாய்ச்சி என்றால் திட்டம் மாற வேண்டும்.

குளிசை, பஸ், பாமசி

நிறத்தைப் பார்த்துக் குளிசை கொடுக்காதீர்கள். போன மாதம் வெள்ளையாக வந்தது இந்த மாதம் மஞ்சளாக வரும், கம்பனி மாறியிருக்கும். பெயரையும் மில்லிகிராமையும் வாசியுங்கள். 1க்குப் பதிலாக 2 வந்திருந்தால் பாதியாக உடைக்கச் சொன்னார்களா என்று யன்னலிலேயே கேளுங்கள். மெதுவாகக் கரைகிற வகைக் குளிசையை உடைக்கவும் கூடாது, தேனில் அரைக்கவும் கூடாது.

2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது பட்டது மறக்காது. அந்தப் பயத்தில் எப்போதும் ஒரு கிழமைக் குளிசை வீட்டில் கையிருப்பு. கிளினிக்கில் இல்லை என்று வெளியே எழுதித் தந்தால் அரச மருந்துக்கடையான ஒசுசலவில் முதலில் விசாரியுங்கள். அங்கும் இல்லையென்றால் திரும்ப வைத்தியரிடம். பாமசிக்காரர் தருகிற, இதுவும் அதேதான் தம்பி என்பதை அப்படியே நம்பக் கூடாது. ஒரு கடையில் எங்களுக்கு அப்படித் தந்தது வெறும் நித்திரைக் குளிசை.

ஒரு வேளை தவறினால் அடுத்த வேளைக்கு இரண்டாகக் கொடுக்க வேண்டாம். இரண்டு மூன்று நாள் தவறிவிட்டால் தொலைபேசியில் என்றாலும் கேட்டுத் தொடங்குங்கள். லமோற்றிஜினை ஒரு கிழமை அளவில் விட்டிருந்தால் முதலிலிருந்து சின்ன அளவில் ஏற வேண்டி வரலாம்.

எழுதுவதற்குத் தனிக் கொப்பி ஒன்று போதும். ஒரு நாளுக்கு ஒரு வரி: எத்தனை மணிக்குப் படுத்தான், எப்போது எழும்பினான், குளிசை குடித்தானா, மனம் எப்படி. மனத்துக்கு நாங்கள் குளத்து மட்டம் எழுதினோம்: வற்றல், அரைக்குளம், நிறைகுளம், வான் பாய்கிறது. மருமகன் கண்டுபிடித்தது அது. டொக்டர் சிரித்துவிட்டு அதையே கேட்கத் தொடங்கினார்.

நித்திரையும் கஞ்சாவும்

இரவு முழிப்புத்தான் மேனியாவுக்குப் பின்கதவு. திருவிழா, சோதனைக்கு விடிய விடியப் படிப்பு, போனில் விளையாட்டு, காவல் கொட்டில். இரண்டு இரவு தொடர்ந்து நித்திரை இல்லையென்றால் மூன்றாம் நாள் காலையில் கிளினிக்குக்குத் தகவல் சொல்லுங்கள். நித்திரை வராத களைப்பு வேறு, நித்திரை தேவையில்லாத உற்சாகம் வேறு. பயப்பட வேண்டியது பின்னதற்கு.

கஞ்சாவைப் பற்றிப் பிள்ளையோடு நேராகக் கதையுங்கள். மருந்தும் கஞ்சாவும் ஒரே உடம்பில் நின்றால் மருந்துதான் தோற்கும். ஏச்சில் தொடங்கினால் பிள்ளை மறைக்கும், மறைத்தால் வைத்தியருக்கும் தெரியாமல் போகும்.

பூட்டு

குளிசை முழுவதும் ஒரு பெட்டிக்குள், பூட்டு, திறப்புப் பெரியவர் ஒருவரிடம். கமத்து மருந்துகளும் அப்படியே, முடிந்தால் வீட்டுக்கு வெளியே, வேறு பூட்டில். சோர்வுக் கட்டத்தில் இருந்து பிள்ளை கொஞ்சம் தேறி எழும்பும்போது கவனம் இன்னும் வேண்டும். சாவைப் பற்றிக் கதைத்தால், விளையாட்டுக்குச் சொல்றான் என்று தள்ளாதீர்கள். அப்படி நினைக்கிறாயா என்று கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. பிள்ளையைத் தனியே விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். இரவில் யாரிடமாவது கேட்க வேண்டுமென்றால் 1926, தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். 24 மணித்தியாலமும் எடுப்பார்கள்.

சுகம் வந்த பிறகு

மருந்து தொடங்கி ஏழாம் மாதம் மருமகன் நல்லாக இருந்தான். ரியூசனுக்குப் போனான், நித்திரை கொண்டான், எல்லோரோடும் சிரித்தான். பிள்ளைக்குச் சுகம், இனி ஏன் சிறுநீரகத்தைக் கெடுப்பான் என்று அத்தான் ஒருநாள் சொன்னார். நானும் தலையாட்டினேன். ஒரேயடியாக நிறுத்தினோம். தை பிறந்து வெட்டு நடக்கிற நேரம், பதினொராம் நாள், அவன் இரவு முழுக்க வாய்க்கால் கட்டில் நடந்து திரிந்தான். அந்த முறை வாட்டில் மூன்று கிழமை. ஒரு தவணைப் படிப்புப் போனது. அதைவிட, இனிச் சுகமாகவே மாட்டேனோ என்று அவன் கேட்டதுதான் கூடிய நட்டம்.

இந்த மருந்துகள் சுகத்தைப் பிடித்து வைத்திருப்பவை. அறிகுறி இல்லாமல் ஒன்று, இரண்டு வருடமாவது போன பிறகுதான் நிறுத்தலாமா என்ற கதையே எடுப்பார்கள். சிலருக்கு அதற்கும் மேலே. நிறுத்துவதென்றாலும் கிழமைக்கணக்கில், லிதியம் என்றால் மூன்று மாதம் வரையில், படிப்படியாகத்தான். லிதியத்தைச் சட்டென்று விட்டால் மேனியா திரும்புவதோடு தற்கொலை ஆபத்தும் கூடும். சோதனை நேரத்திலும், வீட்டில் கல்யாணம், செத்தவீடு நடக்கும் மாதத்திலும் குறைக்கத் தொடங்காதீர்கள்.

நாக்குக்குக் கீழே குளிசையை மறைத்து வெளியே துப்புகிற பிள்ளைகள் உண்டு. வாயைத் திறக்கச் சொல்லி அதட்டுவதற்கு முதல் ஏன் என்று கேட்டுப் பாருங்கள். நித்திரை தூங்கி வகுப்பில் நக்கல் வாங்குகிறது என்றால் இரவுக்கு மாற்றிக் கேட்கலாம். உடம்பு போட்டதென்றால் வேறு மருந்து கேட்கலாம். கிளினிக்கில் ஐந்து நிமிடமாவது பிள்ளையைத் தனியாக வைத்தியரோடு விட்டுவிட்டு வெளியே வாங்கில் குந்துங்கள். நான் முதல் ஒரு வருடம் அதைச் செய்யவில்லை, எல்லாக் கேள்விக்கும் நானே பதில் சொன்னேன்.

ஓ.எல். எழுதி முடித்த பிறகு கொப்பி அவன் கைக்குப் போனது. மோட்டார் சைக்கிளில் நான் முன்னுக்கு, அவன் பின்னுக்கு, தண்ணிப் போத்தல் நடுவில். போன கிளினிக்குக்கு முதல் நாள் இரவு எட்டு மணிக்கு எனக்கு அடித்துச் சொன்னான்: மாமா, இப்பதான் குளிசை போட்டனான், நாளைக்கு எட்டுக்கு இரத்தம், ஆறரைக்கு வாங்கோ.